வலது காதுக்கு வந்த கடிதங்கள்

தங்கமலர் தம்பியின் கடிதத்தைக் கைகழுவாமல் தொட்டதில்லை. சலவைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைப் பிரித்துக் குவித்துவிட்டு வருகிற கை அது. வாசலில் தபால் கிடந்தால் அதை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு உள்ளே வருவாள். குசினியில் கையைக் கழுவித் துடைத்து, பழம் வெட்டும் கத்தியால் உறையின் ஓரத்தைக் கீறுவாள். முத்திரை கிழியக் கூடாது. அதன்மேல் குத்தியிருக்கும் திகதியும் கிழியக் கூடாது. பிறகு அம்மாவின் அறைக்குப் போய், கட்டிலின் வலது பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காருவாள்.

இடது பக்கம் இருந்து பிரயோசனமில்லை. அம்மாவின் இடது காது தொண்ணூறுகளில் ஒரு ஷெல்லோடு போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தொலைபேசிச் சத்தம் அந்தக் கொஞ்சத்துக்குள் நுழையாது. நகரசபை கொடுத்த கேட்கும் கருவியை அம்மா கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவார். "தலைக்குள்ளை ஆரோ தகரம் தட்டுறமாதிரி இருக்குது" என்பார். ஆகவே யதுர்சன் கடிதம் எழுதினான். அவன் எழுதியதை அக்கா அம்மாவின் வலது காதுக்குள் உரத்து வாசித்தாள்.

"என்னவாம் உங்கடை அம்பாசிடர்?" என்று முன்னறையிலிருந்து பாலேந்திரா கேட்பார். அவர் தங்கமலரின் கணவர். பஸ் ஓட்டுகிறவர். தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பவர். "எனக்கும் ஒரு விசா குத்தி அனுப்பச் சொல்லு. உன்னட்டையிருந்து தப்பிப் போறதுக்கு."

"உங்களுக்கு அவன் தரமாட்டான். போனா திரும்பமாட்டியள் எண்டு முகத்திலையே எழுதியிருக்குது."

அம்பாசிடர் என்பது பகிடிதான். யதுர்சன் அமெரிக்க வெளிநாட்டுச் சேவையில் ஓர் இளநிலை அதிகாரி. முதலில் பல்கேரியாவின் சோபியாவில் இருந்தான். பிறகு லத்வியாவின் ரீகாவுக்கு மாற்றினார்கள். தங்கமலருக்கு அந்தப் படிநிலைகளில் அக்கறையில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருத்தியின் தம்பி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஒரு நாட்டின் பெயரால் இன்னொரு நாட்டில் பேசுகிறான். அதற்கு மேலே ஒரு படி இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கலியாணமாகி டென்மார்க்குக்கு வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. இருவருக்கும் நடுவில் கோகுலதாஸ். இடப்பெயர்வில் அப்பா காய்ச்சலோடு வழியிலேயே போய்விட்டார். கோகுலதாஸ் இயக்கத்துக்குப் போனான். மிஞ்சின சின்னவன் எங்கேயாவது தூரத்தில் இருந்தால்தான் உயிரோடு இருப்பான் என்று அம்மா முடிவெடுத்தார். மேரிலாந்தில் பிள்ளையில்லாமல் இருந்த சின்னம்மா கொழும்புக்கு வந்து, அவனைச் சட்டப்படி தத்தெடுத்துக் கூட்டிப்போனார். அப்போது அவனுக்கு ஏழு வயது. கொஞ்சக் காலத்தில் கோகுலதாஸ் ஆனையிறவில் செத்தான். அதன் பிறகு அம்மாவை அங்கே பிடித்துவைக்க ஒன்றும் இருக்கவில்லை. ஏஜென்சிக்காரன் ஒருவன் பின்னால் நாடு நாடாக இழுபட்டு, டென்மார்க்குக்கு வந்து அகதியானார். மூன்று பிள்ளைகளைப் பெற்றவருக்கு ரண்டர்ஸ் நகரில் மிஞ்சியது மகள் வீட்டில் ஓர் அறை, சுவரில் சட்டம்போட்ட ஒரு படம், தபாலில் வரும் ஒரு மகன்.

அந்த மகன் தமிழை மறக்காமல் பார்த்துக்கொண்டது தங்கமலர்தான். சிறுவயதில் அவன் எழுதிய கடிதங்களைச் சிவப்புப் பேனையால் திருத்தி அடுத்த தபாலில் திருப்பி அனுப்புவாள். "எழுதின கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற ஆட்களை நான் வேறெங்கும் காணவில்லை அக்கா" என்று ஒருமுறை எழுதினான். அந்தக் கடிதமும் சிவப்புக் கோடுகளோடு திரும்பிப் போனது. அவன் பல்கலைக்கழகம் போன பிறகு திருத்த ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் வெறுமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றைக் கோப்பில் போட்டு வைத்தாள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள், தபால் உறை முன்னும் கடிதம் பின்னுமாக.

சோபியாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தை அவள் பார்க்காமலே சொல்வாள்.

"அன்புள்ள அம்மா, அக்கா, அத்தான், நான் நல்ல சுகம். இங்கே மழை. என் வேலை ஒரு கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் நிற்பது. மற்றப் பக்கம் ஆட்கள் வரிசையில் வருவார்கள். ஏன் அமெரிக்கா போகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நான் கேட்க வேண்டும். இன்று ஒரு அம்மா வந்தார். மகனுக்குக் கலியாணம் என்று அழைப்பிதழைக் காட்டினார். அவர் திரும்பி வருவார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. இல்லை என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் நான் இரவு சாப்பிட்டிருப்பேன்."

அதை முதன்முதலில் வாசித்த அன்று, அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்னையும் கொழும்பிலை உப்பிடித்தான் ஒரு பெடியன் இல்லையெண்டவன். இவனைப் பாக்கப் போறதுக்கெண்டு கேட்டனான். பெட்டியும் கட்டியாச்சு. நானும் அந்தப் பெடியனுக்கு நன்றி சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். வேறை என்ன சொல்லுறது?"

"அதை அவனுக்கு எழுதட்டேம்மா?"

"வேண்டாம். பிள்ளை வேலையைச் செய்யட்டும்." பிறகு, ஒவ்வொரு கடிதத்துக்கும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "எப்ப வாறானாம்?"

வராமலும் இல்லை. இரண்டு முறை வந்தான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவன் குரல் மெலிது. பெற்ற தாயின் காதுக்குள் கத்துவதற்கு அவனுக்குக் கூச்சம். மெல்லமாக ஏதோ சொல்லிவிட்டு அக்காவைப் பார்ப்பான். அக்கா அதை உரத்துச் சொல்லுவாள். பக்கத்தில் இருக்கும்போதும் அவன் அம்மாவுக்குக் கடிதமாகவே இருந்தான்.

தங்கமலர் அவனைப் பற்றிச் சொல்லாத இடமில்லை. சலவைத் தொழிற்சாலையில் கூட வேலைசெய்யும் கியர்ஸ்டன் முதல் மேற்பார்வைக்காரன் வரை எல்லோருக்கும் அவள் தம்பி ராஜதந்திரி என்று தெரியும். பூப்புனித நீராட்டு விழாவிலோ கோயிலிலோ யாராவது "பிள்ளையள் என்ன செய்யினம்?" என்று கேட்டால், தன் பிள்ளைகள் நிதுஷனும் சுஜீதாவும் இரண்டாவதாகத்தான் வருவார்கள். "தம்பி எம்பசியிலை, ரீகாவிலை" என்று தொடங்குவாள். பல ஊர்களிலும் தமிழர் வீட்டுச் செத்தவீட்டு வேலைகளை முன்னின்று பார்க்கும் ஐங்கரலிங்கம் அண்ணைக்கு அதை எத்தனை முறை சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

சென்ற வருடம் கோடையில் தபால் கந்தோர்க்காரர் அவர்களுடைய தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இந்த நாட்டில் யாரும் கடிதம் எழுதுவதில்லையாம். பெட்டி நின்ற இடத்தில் புல் முளைக்காத ஒரு வட்டம் கிடந்தது. தங்கமலர் தன் கடிதங்களைப் பொதி அனுப்பும் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே நின்ற பெட்டை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரீகாவிலிருந்து வருபவையும் பிந்தத் தொடங்கின. இலையுதிர் காலத்தில் அம்மாவின் இருதயம் களைத்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். அதைக் களைப்பு என்றுதான் சொன்னார், வருத்தம், நோய் என்று சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு பின்னேரம், அம்மா தலையணையைச் சாய்த்துவைக்கச் சொன்னார்.

"மலர், நான் போனா நோட்டீஸ் போடுவியள்தானே."

"உதென்ன கதையம்மா?"

"கேள். நோட்டீசிலை என்ரை மூண்டு பிள்ளையளின்ரை பேரும் வரவேணும். மூத்தது, நடுவிலான், கடைசி. ஒண்டும் விடக்கூடாது. கொள்ளி அவன் வைக்கவேணும். எனக்கு வேறையொண்டும் வேண்டாம்."

தமிழ்ச் சனத்துக்கு மரண அறிவித்தல் என்றால் என்னவென்று தங்கமலருக்குத் தெரியும். ஒருவர் செத்தால் இணையத்தில் அறிவித்தல் வரும். கனடாவிலும் லண்டனிலும் வவுனியாவிலும் உள்ள உறவுகள் செத்தவரின் படத்தைப் பார்த்துவிட்டு நேரே பெயர்களுக்குப் போவார்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை. ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டில் பிரச்சினை என்று அர்த்தம். பெற்ற பிள்ளையின் பெயர் விடுபட்டால் அவன் தள்ளிவைக்கப்பட்டவன் என்று அர்த்தம். அம்மாவுக்கு அது மட்டும்தான் ஆசையாக மிஞ்சியிருந்தது. வாழும்போது ஒரு கூரைக்குக் கீழே சேராத மூன்று பிள்ளைகளும் ஒரு வரியிலாவது சேரவேண்டும்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து, ரண்டர்ஸ் ஆஸ்பத்திரியில் அம்மா தூக்கத்தில் போனார். வெளியே பனி உறைந்து தெரு கண்ணாடியாய்க் கிடந்தது. பாலேந்திரா பகிடி விடவில்லை. தங்கமலர் யதுர்சனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

அவன் அழுதான். அவன் அழுது அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, நோட்டீஸ்..." என்றான்.

"மூண்டு பேரும் எண்டு அம்மா சொன்னவ."

"எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியிருந்தனீங்கள்." அவன் ஒவ்வொரு சொல்லாக அடுக்கினான். "வேலைக்குச் சேரேக்கையே அண்ணையைப் பற்றி எல்லாம் சொல்லிப்போட்டன். ரெண்டு வருஷமாய் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டவை. மறைக்க ஒண்டுமில்லை. ஆனா அண்ணையை மாவீரர் எண்டு போட்டு, அதுக்குப் பக்கத்திலை என்னை எம்பசி எண்டு போட்டு, அது நெற்றிலை வந்தா கதை வேறை. அந்த இயக்கம் எங்கடை நாட்டிலை தடை. என்ரை வேலையிலை பாக்கிறவைக்கு அது அண்ணன் தம்பி இல்லை. இன்னொண்டு."

எங்கடை நாடு என்று அவன் சொன்னது அவளுக்கு ஒரு முள்ளாகக் குத்தியது. ஆனால் அவன் சொன்னதில் பிழையில்லை.

"அப்ப என்னெண்டு போடச் சொல்லுறாய்?"

"சின்னம்மாவின்ரை மகன்தானே நான், பேப்பர்ப்படி. பெறாமக்களுக்கை போடுங்கோ."

தங்கமலர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பெற்றவளின் அறிவித்தலில் பெறாமகனாக நிற்பது அவனுக்கு என்ன என்று அவன் குரலிலேயே தெரிந்தது.

"இல்லை" என்றாள். "பேர் மட்டும் போடுறன். உன்ரை பேருக்குப் பக்கத்திலை ஊரும் இல்லை, வேலையும் இல்லை. கோகுலுக்குக் காலஞ்சென்ற எண்டு மட்டும். ஹோலிலை அவன்ரை படமும் வைக்கமாட்டன், அது அம்மாவின்ரை அறைக்குள்ளையே இருக்கட்டும். யதுர்சன் எண்டு உலகத்திலை எத்தினை பேர் இருக்கினம்? நீ வந்து கொள்ளியை வை."

"சரியக்கா. பேர் மட்டும்."

அவள் கட்டம்போட்ட தாளில், அடிமட்டம் வைத்து, அறிவித்தலை எழுதினாள். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் டென்மார்க் ரண்டர்ஸை வதிவிடமாகவும் கொண்ட பரிமளம் அவர்கள். தங்கமலர், காலஞ்சென்ற கோகுலதாஸ், யதுர்சன் ஆகியோரின் பாசமிகு தாயார். மூன்று தடவை சரிபார்த்தாள். ஐங்கரலிங்கம் அண்ணை துக்கம் விசாரிக்க வந்தபோது அதை அவர் கையில் கொடுத்தாள். வீடு நிறையச் சனம். யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள், யாரோ அழுதார்கள்.

"இதிலை உள்ளமாதிரியே போடுங்கோ அண்ணை."

"எல்லாம் வடிவாய்ச் செய்யிறன் பிள்ளை. நீர் யோசியாதையும்" என்று அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மறுநாள் காலை தொலைபேசி நிற்காமல் அடித்தது. முதலில் ரொறன்ரோவிலிருந்து ஒரு தூரத்து மச்சாள். அழுகை முடிந்ததும், "நோட்டீஸ் பாத்தம். பெருமையாய் இருந்தது மச்சாள்" என்றாள். பிறகு பாரிசிலிருந்து. "ஒரு பிள்ளை மண்ணுக்கு, ஒரு பிள்ளை எம்பசிக்கு. பெத்த வயிறு." தங்கமலருக்கு விளங்கவில்லை. ஓஹூசில் தாதிப் படிப்புப் படிக்கும் மகள் சுஜீதா இரவே வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் கைத்தொலைபேசியை நீட்டினாள்.

அம்மாவின் முகம். கீழே பெயர்கள். மாவீரர் கோகுலதாஸ். யதுர்சன், அமெரிக்கத் தூதரகம், ரீகா.

கண் அதில் விழுந்த முதற் கணம் தங்கமலரின் நெஞ்சு நிமிர்ந்தது. அதுதான் உண்மை. இத்தனை வருடமாய் வாயால் சொன்னதை அச்சில் பார்த்த மகிழ்ச்சி, அம்மா செத்த வீட்டில், ஒரு கணம். அடுத்த கணம், பேர் மட்டும் என்று தம்பிக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அம்மா, ஸ்லெட் டெ" என்றாள் சுஜீதா. பதற்றத்தில் அவளுக்கு எப்போதும் டெனிஷ்தான் வரும். "அழிக்கச் சொல்லுங்கோ. இப்பவே."

ஐங்கரலிங்கம் அண்ணை தொலைபேசியில் திகைத்துப்போனார்.

"நான் என்ன பிழை விட்டனான் பிள்ளை? பேர் மட்டும் மொட்டையாய் இருந்தது. துக்கத்திலை மறந்துபோனீர் எண்டு நினைச்சன். உமக்கு எழுத மனமில்லாட்டிலும் நாங்கள் விடலாமே? ஒரு மாவீரரின்ரை தாயை வெறும் பரிமளம் எண்டு அனுப்புறதே? மற்றது, நீர்தானே எந்த நேரமும் சொல்லுவீர், தம்பி எம்பசியிலை எண்டு. நான் அதை இல்லாததாய் எழுதேல்லையே."

அவரை ஏச அவளுக்கு வாய் வரவில்லை. அவர் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எல்லாம் அவள் கொடுத்த சொற்கள். "எடுத்துவிடுங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னாள். மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அதற்குள் அது படமாகப் பிடிக்கப்பட்டு, குடும்பக் குழுக்களிலும் ஊர்க் குழுக்களிலும் பழைய மாணவர் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது. மெழுகுதிரி, கூப்பிய கை, ஆழ்ந்த இரங்கல்.

யதுர்சன் அதை ஏற்கெனவே பார்த்திருந்தான். சின்னம்மாவே அனுப்பியிருந்தார், வடிவாக வந்திருக்கிறது என்று.

"தம்பி, நான் அப்பிடி எழுதேல்லையடா."

"தெரியும் அக்கா. உங்கடை எழுத்து எனக்குத் தெரியாதே?" அவன் கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "இப்ப நான் போய் மேலை சொல்லவேணும். அவை கேட்கமுன்னம் நான் சொல்லவேணும். பிறகு எடுக்கிறன்."

அடுத்த நாள் எடுத்தான். சொல்லிவிட்டானாம். நல்லமாதிரித்தான் கேட்டார்களாம். தாயின் செத்தவீட்டுக்குப் போகலாம். அந்த விடயத்தைப் பார்த்து முடிக்கும்வரை அடுத்த நாட்டு நியமனம் நிற்கும். அது எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியாது.

"கொள்ளி வைக்கமாட்டன் அக்கா. செத்தவீட்டை நெற்றிலை லைவாய்க் காட்டுவினம். அதிலை நான் நிண்டா எல்லாத்தையும் திரும்பவும் தோண்டுவினம்."

"லைவை நிப்பாட்டுறன். கமரா ஒண்டும் வேண்டாம். அண்ணையிட்டைச் சொல்லுறன்."

"சின்னம்மா?" என்றான் அவன். "அவ கட்டிலை விட்டு இறங்கேலாது. தன்ரை அக்காவைக் கடைசியாய்ப் பாக்கிறதுக்கு ரீவிக்கு முன்னாலை கட்டிலைத் திருப்பி வைக்கச் சொல்லிப்போட்டா. அவவுக்கு என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

பெற்ற தாய்க்கு அவன் கொள்ளி வைத்தால் கமராவை நிறுத்த வேண்டும், வளர்த்த தாய் பார்க்க முடியாது. வளர்த்தவள் பார்த்தால் பெற்றவளுக்கு அவன் கை படாது. இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய தம்பி, இந்தத் தடவை தனக்குத்தானே சொன்னான்.

"நிதுஷன் வைக்கட்டும்" என்றான்.

செத்தவீட்டுக்கு முதல் நாள் அவன் வந்தான். ஒல்லியாய், கறுப்புக் கோட்டுடன், காதுகள் குளிரில் சிவந்து. இருவரும் ஆஸ்பத்திரியை அடுத்த சிறு கபெலுக்கு, சவம் வைக்கும் சிற்றாலயத்துக்கு, போனார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி, பச்சைக் காஞ்சிபுரம் கட்டி வைத்திருந்தார்கள். சவப்பெட்டி திறந்திருந்தது. டெனிஷ்கார சவச்சேவைக்காரர் தலையைக் குனிந்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

யதுர்சன் பெட்டியின் இடது பக்கம் போய் நின்றான். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"பிளேனிலை எழுதினனான்" என்று அக்காவிடம் நீட்டினான். "வாசியுங்கோ."

அவள் கையை நீட்டவில்லை.

"நீ வாசி."

"அக்கா..."

"இந்தப் பக்கம் வா. அவவுக்கு வலது பக்கம்தான்."

அவன் சுற்றி வந்தான். குனிந்து, மெல்லமாக, "அன்புள்ள அம்மா" என்றான். அது அவன் வாயை விட்டு அதிகம் தூரம் போகவில்லை.

"சத்தமாய் வாசியடா. அவவுக்கு உது காணாது."

அவன் தொண்டையைச் செருமினான். கதவுக்கு வெளியே ஆள் நிற்பது தெரிந்தும், வெட்கத்தை விட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்புவிப்பதுபோல உரத்து வாசித்தான். ரீகாவில் ஆறு உறைந்துவிட்டதாம். ஆட்கள் அதன்மேல் நடக்கிறார்களாம். அவனும் ஒருநாள் நடந்தானாம், பயமாக இருந்ததாம். தன் அறை யன்னலில் ஒரு பூச்சாடி வைத்திருக்கிறானாம், அது குளிரில் செத்துவிட்டதாம். நடுவில் குரல் உடைந்து நின்றது. தங்கமலர் அவன் முதுகில் கையை வைத்தாள். ஆனால் உதவவில்லை. கடைசி வரியை அவன் இரண்டு முறை வாசித்தான். "எப்ப வாறாய் என்று கேட்பீர்களாம், அக்கா எழுதுவா. வந்துவிட்டேன் அம்மா. வந்து நிற்கிறேன்."

தங்கமலர் தாளை வாங்கி மடித்து, அம்மாவின் வலது கைக்குக் கீழே வைத்தாள். அந்த ஒரு கடிதம் அவள் கோப்புக்குள் போகவில்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. ஹ்விடோவ்ரேயிலிருந்து வந்த மகன் நிதுஷன் வேட்டியும் பூணூலுமாய், ஐயர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் செய்தான். கமரா முக்காலியில் நின்று அவனையும் பேத்தியின் பந்தத்தையும் அழும் பெண்களையும் மேரிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கமராவுக்குப் பின்னால், கடைசி வரிசையில், சலவைத் தொழிற்சாலைப் பெண்களுக்கு நடுவில் யதுர்சன் இருந்தான். கோட்டைக் கழற்றவில்லை. டெனிஷ்காரர்கள் எழும்பும்போது எழும்பினான், இருக்கும்போது இருந்தான். பூப்போட வரிசை போனபோது அவன் எழும்பவில்லை.

"அந்தப் பெடியன் ஆர்?" என்று பின்னால் ஒரு கிழவி கேட்பது தங்கமலருக்குக் கேட்டது.

"வேலையிடத்து ஆக்களோடை வந்தவர்போலை" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கிரிமேற்றோரியத்தில் நிதுஷன் பொத்தானை அழுத்தினான். பெட்டி உள்ளே போனது. யதுர்சன் அதற்கு முன்பே விமான நிலையத்துக்குப் போயிருந்தான்.

அவன் அதன் பிறகு எழுதவில்லை. தொலைபேசி எடுத்தான், கிழமைக்கொருமுறை, கொஞ்சநேரம். வாஷிங்டனுக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஒரு மேசையில் இருக்கிறானாம். அங்கே யன்னல் இல்லையாம். "பரவாயில்லை அக்கா" என்றான். அவள் கேட்காமலே மூன்று தடவை சொன்னான். இந்த வீட்டில் எல்லோருக்கும் காது கேட்கும். கடிதம் எழுத வேண்டியதில்லை. கோப்பில் கடைசியாய்ப் போட்ட பிளாஸ்டிக் உறைகள் வெறுமையாய் ஒட்டிக்கொண்டு கிடந்தன. வேலைக்குப் போகும்போது அவள் தம்பியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கியர்ஸ்டன் கேட்டால், சுகமாயிருக்கிறான் என்று சொல்லிவிட்டு விரிப்புகளைப் பிரித்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் நெருங்கியது. அந்தியேட்டி அழைப்பும் நன்றி நவிலலும் போட வேண்டும். ஐங்கரலிங்கம் அண்ணை முன்னறையில் வந்து இருந்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் இவர்களிடம் சத்தமாய்ப் பேசுவதில்லை.

"இந்தமுறை ஒரு எழுத்தும் கூட்டமாட்டன் பிள்ளை. குறைக்கவும் மாட்டன். நீர் எழுதித் தாரும்."

பாலேந்திரா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தங்கமலரின் தோளுக்கு மேலால் தாளைப் பார்த்தார். அவள் முதலில் எழுதியது தன் பெயர். பிறகு கோகுலதாஸ். அதற்குப் பிறகு பேனை நின்றது. யதுர்சன் என்று எழுதினால் மறுபடியும் யாராவது பழைய படத்தை எடுத்துப் போடுவார்கள். எழுதாவிட்டால் எங்கே கடைசி மகன் என்று தொலைபேசி அடிக்கும். கோகுலை மட்டும் விட்டால் அம்மாவின் அறையில் அவன் படத்துக்கு முன்னால் போய் நிற்க முடியாது.

அவள் அந்தத் தாளைக் கிழித்தெடுத்து மடித்து வைத்தாள். புதுத் தாள் எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தாள். அம்மாவின் பெயர், ஊர், நாள், மண்டபத்தின் விலாசம், வந்தவர்களுக்கும் தொலைபேசியில் விசாரித்தவர்களுக்கும் நன்றி எல்லாம் எழுதினாள். அடியில் ஒரு சொல் எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

பிள்ளைகள்.

ஐங்கரலிங்கம் அண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"உம்மடை பேரும் இல்லையே பிள்ளை. ஆர் போட்டது எண்டு சனத்துக்கு விளங்குமே?"

"விளங்காட்டிலும் காரியமில்லை அண்ணை" என்றாள் தங்கமலர். "மூண்டுபேரும் அதுக்கை இருக்கினம். அப்பிடியே போடுங்கோ."

அவர் தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழும்பினார். வெளியே பனி உருகித் தெருவெல்லாம் சேறாக இருந்தது. அவர் கார் போன பிறகு அவள் குசினிக்குப் போய்க் கையைக் கழுவினாள், கடிதம் வந்திருப்பதுபோல.